லுணுகலையில் வாங்கிய கையெழுத்து

பத்திரிகையில் அறிவித்தல் வந்த நாளிலிருந்து சதீஸ்குமாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மனைவி ஜெயந்தினியின் ஒன்பது வயது மகள் தயானியைச் சட்டப்படி தன் பிள்ளையாக்கிக்கொள்ள அவன் பதுளை நீதிமன்றத்தில் மனுப் போட்டிருந்தான். அவளைப் பெற்ற தினேஸ், பிள்ளைக்கு இரண்டு வயதாக இருக்கும்போது கொழும்புக்கு வேலைக்குப் போனவன். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஆட்சேபணை இருந்தால் வழக்குத் தவணை நாளுக்கு முன் வந்து சொல்ல வேண்டும் என்றது அறிவித்தல். ஸ்பிரிங்வெளிச் சந்தியில் தன் வாடகை ஆட்டோவை நிறுத்திக்கொண்டு, தினேஸ் வந்துவிடுவானோ என்று பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒவ்வொரு ஆளின் முகத்தையும் சதீஸ் பார்த்தான்.

தவணைக்கு ஐந்து நாள் இருக்கும்போது, லுணுகலையில் கடை வைத்திருக்கும் ஷப்ராஸ் போனில் கூப்பிட்டான்.

"சதீஸ், நீங்க தேடுற ஆளு இங்க மரம் அறுக்கிற மரக்காலையில வேலை செய்யிறாரு. ரெண்டு மாசமாம்."

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஆள் இருக்கிற இடம் தெரிந்துகொண்டே, தெரியாது என்று நீதிபதியிடம் சொல்ல அவனுக்கு வாய் வராது. பசறைக்கு ஒரு ஹயர் ஓட்டம் இருக்கிறது என்று ஜெயந்தினியிடம் சொல்லிவிட்டு, தினேஸின் கையெழுத்துக்காகச் சம்மதம் எழுதிய சத்தியக்கடதாசியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினான்.

வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு ஓட்டினான். மாட்டேன் என்றால்? அழுதால்? பிள்ளையைக் கொடு என்று கேட்டால்?

மரக்காலை வாசலுக்கு வந்த தினேஸ், மேலில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டுக் கடதாசியைப் பாதி வாசித்தான்.

"எங்க போடணும்?"

பக்கத்துத் தெருவில் இருந்த சமாதான நீதவான் முன்னிலையில் ஐந்து நிமிடத்தில் காரியம் முடிந்தது. வெளியே தூறல் விழுந்தது. "மரக்காலையில எறக்கி விட்டுருங்களேன்," என்றான் தினேஸ். சதீஸ் ஏற்றிக்கொண்டான். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பான் என்று மெதுவாகவே ஓட்டினான். தினேஸ் இறங்கி, தலையில் ஒரு பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடினான். நினைத்து வந்தது நடந்துவிட்டது. ஆனாலும் சதீஸுக்கு ஆத்திரம் வந்தது. எப்படி இருக்கிறாள் என்றுகூடவா கேட்கத் தோன்றவில்லை?

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் ஜெயந்தினி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம போனீங்களே."

தயானி கொப்பியிலிருந்து தலையைத் தூக்கினாள். "மாமா, என்னையப் பத்திக் கேட்டாரா?"

"கேட்டாரு."

"என்ன கேட்டாரு?"

சதீஸ் தடுமாறினான். "இடி இடிச்சா இன்னும் அலுமாரிக்குப் பின்னால போய் ஒளியிறாளான்னு கேட்டாரு."

அவள் அலுமாரியைத் திரும்பிப் பார்த்தாள். "அலுமாரிய நாம போன வருஷந்தானே வாங்கினோம்?"

"அவரு ஒண்ணும் கேக்கல பாப்பா. பொய் சொல்லிட்டேன்," என்றான். அவள் மறுபடி கொப்பியில் குனிந்தாள். எழுதவில்லை. பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று சதீஸும் தயானியும் சரியாகச் சாப்பிடவில்லை.

தவணை நாளில் நீதிபதி சிங்களத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தயானியிடம் தமிழில் கேட்டார்: "இவரு பிள்ளையா இருக்க ஒனக்கு விருப்பமா?" தலையாட்டினாள். வாயால் சொல்லச் சொன்னதும், பின்வரிசை வரை கேட்கும்படி, "விருப்பம்," என்றாள். நீதிபதி கட்டளையை வாசித்தபோது சதீஸுக்குப் பாதி காதில் விழவில்லை.

ஜெயந்தினி கட்டளையின் பிரதி வாங்க உள்ளே போயிருந்தாள். நீதிமன்றப் படியில் அவன் உட்காருவதும் எழும்புவதுமாக இருந்தான். இனி யாரும் பிள்ளையைக் கேட்டு வர மாட்டார்கள் என்பது இன்னும் மனதில் இறங்கவில்லை.

தயானி அவன் சட்டையை இழுத்தாள். "ஒரு நாளைக்கு லுணுகலைக்குப் போய் அவரைப் பார்க்கலாமா? சும்மா, மூஞ்சிய மட்டும்."

அவனுக்கு வேண்டாம் என்றுதான் முதலில் வாய் வரைக்கும் வந்தது.

"கூட்டிட்டுப் போறேன்," என்றான்.

"நீங்களும் உள்ள வரணும்."

"வாறேன்."