பியட்டுக்குப் போட்ட மாலை

ஈஸ்வரபாண்டிக்குக் கோவம் மூக்கு நுனியில இருக்கும்னு அல்லிநகரத்துல யாரைக் கேட்டாலும் சொல்லுவாக. அந்த ஈஸ்வரபாண்டி நாந்தேன். அன்னைக்கு மட்டும் கோவத்தை விடப் பயந்தேன் ஜாஸ்தி.

பழைய கார்கள்ல ஒரு மாடலை எடுத்து, கரண்டுல ஓடுற மாதிரி திரும்பவும் ரோட்டுல விடப்போறோம்னு கோயமுத்தூர்க் கம்பெனி ஒண்ணு அறிவிச்சு, எந்த மாடல்னு முடிவு பண்ணப் போட்டி வச்சிருந்தாக. மதுரைக்காரர் ஒருத்தர் கான்டெஸாவை மாத்தித் தயார் பண்ணினார். திண்டுக்கல் பட்டறை ஒண்ணு அம்பாசிடரை எடுத்துக்கிருச்சு. என் பட்டறையில பியட். "போயும் போயும் பியட்டா?"ன்னு சிரிச்சாக. அட போங்கய்யா! கான்டெஸா நீளத்துக்குக் கம்பம் டவுன்ல ஒரு சந்துக்குள்ள திரும்புமா? அம்பாசிடர் கம்பீரந்தேன், இல்லேங்கல. ஆனா இன்னைக்கு எவன் வீட்டு வாசல்ல அம்புட்டு இடம் கிடக்கு? பியட்டு அடக்கமா நிக்கும். முன்பக்கம் பெஞ்சு மாதிரி ஒரே சீட்டு. புருசனும் பொண்டாட்டியும் நடுவுல காய்கறிக் கூடைய வச்சுக்கிட்டுப் போகலாம்.

ஜெயிச்ச பட்டறைக்கு முதல் அம்பது வண்டியும் செய்யுற வேலை கிடைக்கும். தோத்தா நான் சவுதிக்குப் போகணும். பதினோரு வருசம் அங்கன கிடந்துட்டு வந்தப்ப, "இனிமே உன்னைத் தனியா விடமாட்டேன்"னு வீரபாண்டி கோயில் வாசல்ல என் பொண்டாட்டி நாகஜோதிக்குச் சத்தியம் பண்ணியிருந்தேன். இப்பப் பட்டறையில வேலையே இல்லைன்னு அவளுக்குத் தெரியாம ஒரு விசா வாங்கி, பியட்டோட டேஷ்போர்டு டப்பாக்குள்ள மறைச்சு வச்சிருந்தேன். இன்னொண்ணையும் சொல்லிடுறேன். வண்டியோட ஒயரிங் மொத்தமும் அவ கைவேலை. ஐடிஐ படிச்சவ. ஆனா போட்டி மனுவுல என் பேரை மட்டுந்தேன் போட்டேன். அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

கடைசிப் பரீட்சை மேகமலை ஏத்தம். அடிவாரத்துல இருந்து பதினெட்டு வளைவையும் ஏறணும், எங்கயும் நிக்கக்கூடாது. நின்னா அவுட்டு. கம்பெனி இன்ஜினியர் அனுஷ்கா மேடம் பின்சீட்டுல நோட்டோட உக்காந்தாக. பக்கத்துல ஆள் கனத்துக்கு மணல் மூட்டை ரெண்டு.

கிளம்புறப்ப என் மாமியா பொன்னாத்தாள் சின்னமனூர்ச் சந்தையில கட்டுன செவ்வந்தி மாலையக் கொண்டாந்து, வண்டி மூஞ்சியே தெரியாத அளவுக்கு முன்னால கட்டிருச்சு. நைலான் கயிறு போட்டு நாலு முடிச்சு.

"ஏங்க, அதை அவுத்துருங்க. மோட்டாருக்கு அந்த முன்கம்பி இடுக்கு வழியாத்தேன் காத்துப் போகணும்"னா நாகஜோதி.

"மலையேறப் போறப்ப சாமி மாலைய அவுக்குறதா? கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு?"ன்னு பாய்ஞ்சேன். அவ முன்சீட்டுல ஏறி எனக்குப் பக்கத்துல உக்காந்தா.

ஏழு வளைவு ராசா மாதிரி ஏறுச்சு. எட்டாவதுல சிவப்பு லைட்டு எரிஞ்சது. மோட்டார் சூடாகி, தன்னால வேகத்தைக் குறைச்சிருச்சு. வண்டி நொண்டி மாடு கணக்கா ஊருது.

"என்னத்தடி ஒயரு மாட்டிவச்ச?"ன்னு கத்திட்டேன். மேடம் முன்னாலயே.

அவ கத்தரி தேடி டேஷ்போர்டு டப்பாவத் திறந்தா. ஐயோ, விசா அதுக்குள்ளதேன் இருக்கு! காகிதத்தை எடுத்தா, பிரிச்சா, படிச்சா. மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு, அடியில கிடந்த கத்தரிய எடுத்தா.

"நிறுத்திராதீக. இப்படியே உருட்டுங்க"ன்னு கதவைத் திறந்து குதிச்சா. வண்டியோடவே ஓரமா நடந்துக்கிட்டே நாலு முடிச்சையும் நறுக்கு நறுக்குன்னு வெட்டுனா. சாமி மாலை, கீழ போட முடியாது. தன் கழுத்துலயே போட்டுக்கிட்டு ஓடிவந்து ஏறுனா. ரெண்டு வளைவு போகவும் சிவப்பு லைட்டு அணைஞ்சது. பியட்டு விறுவிறுன்னு ஏறுச்சு. மிச்சம் எட்டு வளைவும் நான் அவ மூஞ்சியப் பாக்கவே இல்ல. வெக்கமா இருந்துச்சு, வேற என்ன சொல்ல!

மேல போய் இறங்குனதும் டீக்கடைக்காரர் அவ கழுத்து மாலையப் பாத்து, என்கிட்ட "புது மாப்ள, டீ போடவா?"ன்னாரு. நாகஜோதி சிரிக்கல. நேரா பானெட்டு தூசியில விரலால படம் போட்டு மேடத்துக்கிட்ட காட்டுனா. "எங்க ஊர்ல மாலை போடாம யாரும் வண்டி எடுக்க மாட்டாக மேடம். அதனால காத்து வழியப் பம்பருக்குக் கீழ கொண்டுபோயிரலாம். எம்மாம்பெரிய மாலை போட்டாலும் சூடாகாது."

மேடம் அந்தப் படத்தை நோட்டுல வரைஞ்சுக்கிட்டாக. அதுக்கு முந்தியே மத்த ரெண்டு வண்டியும் ஏறி வந்து நின்னுக்கிட்டிருந்துச்சு. ரெண்டையும் சுத்திப் பாத்து, அதுல ஏறி வந்த கம்பெனி ஆளுககிட்ட என்னமோ கேட்டு, குறிச்சுக்கிட்டுத் திரும்பி வந்தாக.

"மூணும் ஏறிருச்சு. ஆனா ஓட்டுறவங்களே கோளாறைக் கண்டுபிடிச்சு, நிக்காமலே சரிபண்ணி, அடுத்த வண்டிக்கு வழியும் சொன்னது இது ஒண்ணுதான். பியட்டையே எடுத்துக்குறோம். ஆர்டர் யார் பேருக்குன்னு ஒரு தனித்தாள்ல எழுதிக் கொடுங்க சார்."

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. சட்டைப்பையத் தடவுறேன், பேனா இருக்கு, தாள் இல்ல.

நாகஜோதி இடுப்புல இருந்து அந்த விசாக் காகிதத்தை எடுத்தா. திருப்பி பானெட்டு மேல வச்சா.

"இந்தாங்க. பின்பக்கம் வெள்ளையாத்தேன் இருக்கு."

'நாகஜோதி பட்டறை, அல்லிநகரம்'னு எழுதுனேன். அவ குனிஞ்சு பாத்தா. அப்புறம் கழுத்து மாலையக் கழட்டி என் கழுத்துல போட்டுவிட்டா.

"இன்னும் அழுத்தி எழுதுங்க. முன்பக்கம் வரைக்கும் பதியட்டும்"னா.