ஃபிளெக்ஸில் சிரிக்கிற ஹஃபீஸா

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே இருக்கிறது அந்தத் தனியார் பள்ளி. வாசலில் 'சாதி மதம் பாராத கல்வி' என்று எழுதியிருப்பதை, மலையிலிருக்கிற சாம்பல் அணில்கள்கூட எழுத்துக்கூட்டிப் படித்துவிடும். அம்புட்டுப் பெரிய எழுத்து. உள்ளே சாதி மதம் பார்த்தே தீரவேண்டிய ஒரே ஆள் கிளார்க் பொன்னுராஜ். ஆயிரத்து இருநூறு பிள்ளைகளையும் வருஷாவருஷம் இனவாரியாக எண்ணி அரசாங்கத்துக்கு அனுப்புகிறவர் அவர்தான். வெளியே கேட்டால், "நம்ம ஸ்கூல்ல எல்லாச் சனமும் நெறஞ்சு வழியுது" என்பார். முஸ்லிம் பிள்ளைகள் இரண்டே பேர்: ஒன்பதாம் வகுப்பு ஹஃபீஸா, யுகேஜி நூர்பானு.

அட்மிஷன் ஃபிளெக்ஸுக்குப் படம் எடுக்கிற நாளில் பொன்னுராஜின் மேஜை டிராயர் திறக்கும். உள்ளே விபூதிப் பொட்டலம், சிலுவைச் செயின், அந்துருண்டை வாசமடிக்கிற வெள்ளை முக்காடு. மூன்று பிள்ளைகள், மூன்று மதம். முக்காடு நாலு வருஷமாக ஹஃபீஸாவுக்கு. அவளோ பள்ளிக்கு முக்காடு போட்டு வருகிறவள் இல்லை. ரெட்டைச் சடை பறக்க ஓடுகிறவள். அவள் ஓடினால் தென்காசி பஸ்ஸே வெட்கப்பட்டு ஓரங்கட்டும் என்பது பொன்னுராஜின் கணக்கு.

இந்த வருஷம் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிற ஓட்டமும் ஃபோட்டோவும் ஒரே காலையில் வந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்துக்குக் கிளம்பிய வேனிலிருந்து பொன்னுராஜ் அவளை இறக்கினார்.

"சார், ஒம்பதரைக்கு ஓட்டம்."

"செத்த நேரந்தான் ஏட்டி. ஒரு சிரிப்பு சிரிச்சிட்டுப் போ. ஒன் காலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரு நாலு எட்டு."

ஃபோட்டோக்காரர் வந்ததே ஒன்பதரைக்கு. பைக்கில் கொண்டுபோய் இறக்கியபோது மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு மட்டும் கிடந்தது.

மறுவாரம், தளவாய்புரத்தில் நைட்டிக் கடை வைத்திருக்கும் அவள் அப்பா யாசின், அவளையும் கூட்டிக்கொண்டு டி.சி. கேட்டு வந்தார்.

"அடுத்த வருஷமும் ஓட்டம் வரும்லா, பாய்."

"ஃபோட்டோவும் வரும்லா, சார். எம்புள்ள படிக்க வந்துச்சு, ஓட வந்துச்சு. நீங்க முக்காடு மாட்ட ஒரு ஆணி தேடிருக்கீய."

பொன்னுராஜ் டி.சி. புத்தகத்தை எடுத்து எழுதத் தொடங்கினார்.

ஹஃபீஸா தலை நிமிராமல் சொன்னாள்: "ரோட்டுல நிக்கிற ஃபிளெக்ஸ் போர்டுல இருந்து என்னய எடுத்திருங்க, சார்."

"எடுத்துருதேன்மா."

தாளாளரிடம் போய் நின்றார்.

"அட்மிஷன் முடியட்டும்யா. அடுத்த படத்துக்கு வேற முஸ்லிம் பிள்ளை யாரு இருக்கா?"

ஜன்னலுக்கு வெளியே நூர்பானு, முன்பல் விழுந்த வாயைக் குழாயில் வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"யாருமில்ல சார்" என்றார் பொன்னுராஜ். ஆயுசு பூரா ஒன்றைப் பத்தாக்கியவர், அன்றைக்கு ஒன்றைச் சைபராக்கினார்.

முக்காட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். ஆனால் அந்த போர்டு இன்னும் நிற்கிறது. பஸ் அதைக் கடக்கும்போது அவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிறார், தினமும்.