சிவக்காத முதுகு

ஞாயிறு காலை தெருவைச் சுத்தம் செய்ய வீட்டுக்கு ஒருவர் வந்தே ஆக வேண்டும் என்பது சோலோ நகரில் அந்தச் சந்தின் வழக்கம். லஸ்மினியும் வந்தாள். பத்து வீச்சு கூட்டினாள். பிறகு துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, மாடிப்படி ஏறியவள்போல் மூச்சு வாங்க நின்றுவிட்டாள்.

"துடைப்பத்துக்குக் காவலா நிக்கிறியாடி?" என்றாள் சாக்கடை அள்ளிக்கொண்டிருந்த புர்வந்தி.

"உடம்புல காத்து புகுந்திருக்கு அக்கா."

அந்த ஊரில் தலைவலி, காய்ச்சல், அசதி எல்லாவற்றுக்கும் காற்றுதான் காரணம்; வைத்தியமும் ஒன்றேதான். பக்கத்து வீட்டு யாத்மி அவளை உள்ளே இழுத்துப்போய், முதுகில் தைலம் பூசி, ஒரு நாணயத்தால் அழுத்தித் தேய்த்தாள். எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு காற்று. புர்வந்தியும் வேடிக்கை பார்க்க வந்து சேர்ந்தாள்.

லஸ்மினி கண்ணை மூடிக்கொண்டாள். உண்மை அவளுக்குத் தெரியும். பெருங்குடலில் புண் என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. மாத்திரையை விடவில்லை. ஆனால் இரண்டு மாதமாக மறுபடி ரத்தம் போவதை டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. காற்று என்றால் நாலு பேர் நடுவில் சொல்லலாம். மலத்தில் ரத்தம் என்று எந்த வாயால் சொல்வது? கௌரவமான நோயாகப் பார்த்து அவளே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது, சிவக்கவே மாட்டேங்குது! முதுகா, அரிசி மாவா?" என்றாள் யாத்மி.

"அப்ப காத்து இல்ல, சோம்பேறித்தனம்தான்!" புர்வந்தி சிரித்தாள்.

ஒளிந்துகொள்ள இருந்த ஒரே இடமும் போயிற்று. லஸ்மினி எழுந்து உட்கார்ந்தாள். "குடல்ல புண்ணுக்கா. தினம் ரத்தமா போகுது."

சொல்லிவிட்டாள். வானம் இடிந்து விழவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அடிப்பாவி! மூலத்தை மறைச்சு மூணு வருஷம் ஒரு பக்கமாவே உக்காந்தவ நான். என்கிட்டயா வெக்கம்?" என்றாள் புர்வந்தி. மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மறுநாள் புர்வந்தியே அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏழுதான்; முதுகு சிவக்காததன் காரணம் புரிந்தது. "புண் ஆறினாத்தான் ரத்தம் நிக்கும். கீரை மட்டும் தின்னா போதாதும்மா," என்ற டாக்டர் குடல் மருந்தை மாற்றினார், இரும்புச்சத்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றச் சொன்னார், அடுத்த ரத்தப் பரிசோதனைக்குத் தேதியும் குறித்தார்.

இரண்டு மாதம் கழித்து லஸ்மினியால் பாதித் தெருவைக் கூட்ட முடிந்தது. அசதி முழுதாகப் போகவில்லை. வந்தால் கூசாமல் உட்கார்ந்துகொள்வாள். அப்படி ஒரு ஞாயிறு, புதிதாகக் குடிவந்த பெண், "அந்த அக்கா உக்காந்தே இருக்காங்களே," என்று முணுமுணுத்தாள்.

லஸ்மினி சிரித்துக்கொண்டே அவளைக் கூப்பிட்டாள். "இங்க வா தங்கச்சி. எனக்குக் குடல்ல புண்ணு, ரத்தம் கம்மி, இன்னிக்கு முடியல, அவ்வளவுதான். அசதியா இருக்கிறவங்களைச் சோம்பேறின்னு ஏசாத. உனக்கே அப்படி வந்தா, டாக்டர்கிட்ட ஒண்ணுவிடாம சொல்லிடு. வெக்கப்பட்டு நாம மறைக்கிற நோய்தான் நம்மளத் தின்னு கொழுக்கும்."