வடாற்காடு என்று ஒரு சொல்

1

இந்தக் கதை நான் யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வக்கீல் பர்வீன் என் தலையில் கட்டியது. வாணியம்பாடிக்காரி, என் தங்கையோடு படித்தவள். "எழுதுங்கண்ணா, ஆனா கெடுத்துறாதீங்க" என்றாள். முதல் வரியிலேயே கெடுத்தேன்.

'ஜவ்வாது மலையின் மேல் மேகம் கவிழ்ந்திருந்த ஒரு'

வேண்டாம். மேகத்துக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை.

2

சம்பந்தப்பட்டவள் சகுந்தலா. மலையில் சாமை விதைக்கும் ரங்கனின் மகள். நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. பழங்குடிச் சான்றிதழைக் காட்டினால்தான் அது அவளுக்கு. அவர்கள் மலையாளிப் பழங்குடி. (கேரளா இல்லை. மலைக்காரர்கள். இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டதால் இங்கே நானே சொல்லிவிடுகிறேன்.)

மலைக்குக் கீழே ஓர் அலுவலகத்தில் அதிகாரி குணசீலன் அவள் மனுவைத் தள்ளினார். அரசுப் பட்டியல் மலையாளிகளை மாவட்டப் பெயரோடு சொல்கிறது. அதில் 'வடாற்காடு' இருக்கிறது, இவள் மாவட்டத்தின் பெயர் இல்லை. அந்த வடாற்காட்டைப் பிரித்துத்தான் இவள் மாவட்டமே பிறந்தது. (எந்த மாவட்டம் என்று கேட்காதீர்கள். மலை மூன்று மாவட்டங்களில் கால் நீட்டிப் படுத்திருக்கிறது.)

"பேரை மாத்துனது கவர்மென்ட்டு. நாங்க அதே வூட்லதான கீறோம்?" என்றாளாம் சகுந்தலா.

3

என் முதல் வரைவில் குணசீலன் லஞ்சம் கேட்டார், மீசையை முறுக்கினார். படித்துவிட்டு பர்வீன் போனில் கத்தினாள்.

"இன்னாண்ணா இது? அவரு நல்ல மனுசன். டீ வாங்கிக் குடுத்துட்டுதான் 'முடியாதும்மா'ன்னாரு. சட்டத்தைத் தப்பாப் படிச்சிட்டாரு, அவ்ளோதான். கோர்ட்டு அதைத்தான் பாக்கும். தப்பு நடக்க கெட்டவன் எதுக்கு?"

மீசையை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு அவரைப் பிடித்துப்போனது. விதியை மீறிவிடுவோமோ என்று பயந்து பயந்து எழுத்து எழுத்தாகப் படிக்கிற மனிதர். பாவம், எழுத்தைப் பார்த்தார், எதிரே நின்ற பெண்ணைப் பார்க்கவில்லை.

4

உயர்நீதிமன்றத்தில் பர்வீன் ஜெயித்தாள். மாவட்டத்தைப் பிரித்ததால் அங்கே வாழ்பவர்கள் பழங்குடி இல்லாமல் போய்விட மாட்டார்கள் என்றார் நீதிபதி. குணசீலனின் உத்தரவு ரத்து. இங்கேயே முடித்திருப்பேன்: ரங்கன் கண்ணைத் துடைத்துக்கொண்டார், வெள்ளை யூனிஃபார்மில் சகுந்தலா

முடியவில்லை. நீதிபதி சான்றிதழ் தரவில்லை. தருவது அவர் வேலையில்லை. பிழையை நீக்கிவிட்டு, 'சட்டப்படி மறுபடி முடிவு செய்க' என்று குணசீலனுக்கே திருப்பி அனுப்பினார். கல்லூரியோ வெள்ளிக்கிழமை வரைதான் இடத்தை வைத்திருக்கும்.

"ஜெயிச்சிட்டோம்னு சொன்னீங்களேக்கா. திரும்ப அவராண்டயே போவணுமா?" என்று சகுந்தலா கேட்டாள்.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணுமே" என்றார் ரங்கன்.

"குடுக்க மாட்டேன்னா, இந்த வாட்டி அவரு வேற காரணம் தேடணும்" என்றாள் பர்வீன். "அதே காரணத்தைச் சொல்ல முடியாது."

5

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் குணசீலன் கையெழுத்துப் போடுகிறார். ஒன்றில் புதிதாக ஒரு காரணம் கண்டுபிடிக்கிறார். இன்னொன்றில் வெள்ளிக்கிழமை லீவில் போய்விடுகிறார். அதை எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. மூன்றையும் பர்வீனுக்கு அனுப்பினேன்.

"நீங்க யாருண்ணா முடிவு பண்றதுக்கு?" என்று கேட்டாள். நியாயம்தான்.

ஆகவே மூன்றையும் அடித்துவிட்டு முடிவை உங்களுக்கே அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை காலை. குணசீலனின் நாற்காலியில் இருப்பது நீங்கள். எதிரே சகுந்தலா நிற்கிறாள். முதலில் அவளை உட்காரச் சொல்லுங்கள். எனக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம், ஆனால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது சட்டத்தில் இல்லை.

சட்டத்தில் இருப்பதே அவளுக்குப் போதும்.

அதிகாரியின் கையெழுத்து: