வத்ஹாவின் ஒரு சொல்

மேய்ச்சல் நிலத் தகராறில் என் அண்ணன் ஃபாலிஹை மஸ்தூர் சுட்டுக் கொன்றான். சவூதியின் அபஹா நீதிமன்றத்தில், கொலையாளிக்கு என்ன தண்டனை வேண்டும் என்று அண்ணனின் வாரிசுகளிடம் நீதிபதியான காழி கேட்டார்.

"உயிருக்கு உயிர்தான் வேணும்," என்றார் வாப்பா.

அண்ணனின் மனைவி வத்ஹா எழுந்தாள். "நான் மன்னிச்சிட்டேன். இன்னொரு பொண்ணு என்னைப்போல விதவையாக வேணாம்."

வாப்பா கொதித்தார். "வீட்டு ஆம்பள நான் இருக்கேன். இவ யாரு முடிவு சொல்ல?"

"அவங்களும் வாரிசு," என்றார் காழி. "சட்டம்னா தலைய வெட்டுறது மட்டும்னு நெனச்சுட்டீங்களா? வாரிசுல ஒருத்தர் மன்னிச்சாலும் மரண தண்டனை கிடையாது."

மஸ்தூரின் தாய் ஓடிவந்து வத்ஹாவின் நெற்றியில் முத்தமிட்டாள். அப்போதுதான் வத்ஹா அழுதாள். அதைப் பார்த்த வாப்பாவின் கண்களும் கலங்கின.

வெளியே காத்திருந்த சொந்தக்காரர் ஒருவர் வாப்பாவைப் பார்த்து இளித்தார். "என்ன அபூ ஃபாலிஹ், மருமக பேச்சுக்கு அடங்கிட்டீங்களாமே?"

வாப்பா நிமிர்ந்து நின்றார். "ஆமாப்பா. ஒரு உயிரக் காப்பாத்தினவ என் வீட்டு மருமக. உன் வீட்டுல அப்படி ஒருத்தி இருந்தா கூட்டிட்டு வா, பாப்போம்!"

வத்ஹாவுக்காகக் கார்க் கதவை அவரே திறந்துவிட்டார்.