பை பார்த்துக்கொள்பவர்

எங்கள் பொழுதுபோக்குப் பூங்காவில், ஊஞ்சல்போல ஆடும் கொலம்பஸ் கப்பலின் கடைசி வரிசையில், ஓரத்து இருக்கையில் என் சம்பந்தியை உட்காரவைத்து, மடிக்கம்பியை நானே இறக்கிப் பூட்டினேன். 'டக்' என்றது. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து கேட்டுக் கேட்டுச் சலித்த சத்தம்தான், ஆனால் அன்றைக்கு அது காதுக்கு இனித்தது. பக்கத்து இருக்கையில் சம்பந்தியம்மா, தன் கைகள் இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் கம்பியில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்துக்கொண்டிருந்தார்.

"கடைசி வரிசைன்னா ரொம்ப ஆடாதாண்ணா?" என்று கேட்டார்.

"பஸ்ஸுலதாம்மா கடைசி சீட்டு தூக்கிப் போடும். இது கப்பல். நடுவுலதான் ஆட்டம் ஜாஸ்தி. இங்க உக்காந்தா தூக்கமே வந்துரும்."

பொய். கலப்படமில்லாத, சுத்தமான பொய். இந்தக் கப்பலில் நடுவரிசைதான் தொட்டில். கடைசி வரிசை அப்படியே மேலே தூக்கிக்கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்தும். பிறகு உடம்பு கீழே வரும், வயிறு மட்டும் மேலேயே தங்கிவிடும். இது எங்கள் பார்க்கில் தோட்டவேலை பார்ப்பவருக்குக்கூடத் தெரியும். சம்பந்திக்குத் தெரியாது.

"விடும்மா. அவருக்குத் தெரியாததா? பட்டன் அமுக்குறதுல டாக்டர் பட்டம் வாங்குனவராச்சே நம்ம சம்பந்தி," என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். என்னைப் பற்றிய நகைச்சுவைக்கு முதலில் சிரிப்பது நானாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கொள்கை.

எச்சரிக்கை போர்டில் எழுதியிருப்பதைக் கேட்டுவிட வேண்டும், அது விதி. பழிவாங்குவதிலும் ஒரு ஒழுங்கு வேண்டாமா? "பிரஷர், நெஞ்சுவலி, முதுகுவலி எதாச்சும் இருக்கா சம்பந்தி?"

"எனக்கா? என்னப் பாத்துட்டுத்தான் எங்க டாக்டரே வாக்கிங் போக ஆரம்பிச்சாரு."

நன்றாய்ப் போயிற்று என்று படியிறங்கி, கப்பலை ஓட்டும் என் கூண்டுக்கு வந்தேன்.

சம்பந்தி தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்ந்தது, தணிக்கை ஓயவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் உட்காருவதற்கு முன்னால் மேசைமேல் ஒரு விரலை ஓட்டி, அந்த விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார், விரலை மட்டும் பார்ப்பார். கல்யாணத்தன்று அவருடைய உறவினர்களுக்கு என்னை அறிமுகம் செய்தபோது, "மெக்கானிக்கல் லைன்ல இருக்காரு," என்றார். எந்தக் கம்பெனி என்று ஒருவர் விடாமல் கேட்க, "பொழுதுபோக்குத் துறை," என்று முடித்துவிட்டார். அந்த மனிதர் என்னைத் தனியே தள்ளிக்கொண்டுபோய், தன் பையனுக்கு சினிமாவில் ஒரு சின்ன வேஷம் வாங்கித்தர முடியுமா என்று கேட்டார். நான் வில்லன் வேஷமா என்று கேட்டேன். அன்று முழுக்கச் சிரித்ததில் கன்னம் வலித்தது.

என்னை என்ன சொன்னாலும் போகட்டும். என் மகளை நான் அணில் என்று கூப்பிடுவேன். பீரோ, மதில், தண்ணீர்த் தொட்டி என்று நடக்கப் பழகும் முன்பே ஏறப் பழகியவள். கப்பலின் அளவுகோல் பலகையைத் தாண்டி வளர்ந்த அன்றே கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். எனக்கு எதிர்மாறு. நான் பயிற்சியின்போது ஒரே ஒரு முறை இந்தக் கப்பலில் ஏறியிருக்கிறேன், இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். காலையே நனைக்காத கேப்டன் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும். ஆட்ட நேரம் முடிந்ததும் என் மேசையில் மஞ்சள் விளக்கு எரியும். அது சிவப்பாக மாறும்வரைக்கும் பட்டனை விடுவதும் விடாததும் ஓட்டுகிறவன் இஷ்டம். மஞ்சள் எரிகிற நேரத்தில் மேலேயிருந்து அணில் ஒரு விரலைக் காட்டுவாள், 'இன்னும் ஒண்ணு' என்று. கொடுப்பேன். வரிசையை முந்துகிறவர்களுக்கும், வரிசையில் நின்றபடியே மனைவியைத் திட்டுகிறவர்களுக்கும்கூட அதே மஞ்சளைக் கொடுத்திருக்கிறேன், அவர்கள் விரல் காட்டாமலேயே.

அந்த அணில் படித்து முடித்து, செல்போன் டவர்களில் ஏறிப் பழுது பார்க்கும் வேலைக்குப் போனாள். கல்யாணம் ஆனதும், "கொஞ்ச நாள் போகட்டும்மா," என்றார் சம்பந்தி. அந்தக் கொஞ்ச நாள் போய்க்கொண்டேயிருந்தது. போன மாதம் பழைய கம்பெனியே திரும்பக் கூப்பிட்டிருக்கிறது. மாப்பிள்ளை, "அப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டுரு," என்றிருக்கிறார். மாப்பிள்ளை நல்லவர், நல்லவராக இருப்பதைத் தவிர வேறு எந்தச் சிரமமும் எடுத்துக்கொள்ளாதவர். சம்பந்தி சொன்ன பதில் இது: "ஏறுறது உங்க வீட்டுப் பழக்கம்மா. எங்க வீட்டுக்கு வந்தாச்சுன்னா எறங்கித்தான் ஆகணும்."

என் மனைவி இதை என்னிடம் சொன்னபோது வழக்கம்போல ஏதோ ஒரு ஜோக் என் வாய்வரை வந்துவிட்டது. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "நீங்க சிரிச்சுக்கிட்டே இருங்க. அவ அங்க சிரிக்கவே மறந்துட்டா." அன்றிலிருந்துதான் சம்பந்தியை எங்கே உட்காரவைப்பது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

வாய்ப்பை மேனேஜரே ஏற்படுத்திக் கொடுத்தார். அவருக்கு ஒரு தீராத கவலை. தலைகீழாய்ப் புரட்டிப்போடும் ஆட்டங்களை வைத்தால் கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள், ஆனால் நாலு பேர் சேர்ந்து ஒரு ஐஸ்கிரீமைத் தின்றுவிட்டுப் போய்விடுகிறார்கள். குட்டி ரயிலும் வாத்துப் படகும் வைத்தால் குடும்பங்கள் வருகின்றன, ஆனால் பிள்ளைக்கு மீசை அரும்பியதும் அந்தக் குடும்பம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. எது எவ்வளவு வைப்பது என்று எங்கள் எல்லாரையும் கூட்டி யோசனை கேட்டார். நான் எழுந்து, "சார், குடும்பம் எப்ப வீட்டுக்குக் கெளம்பும்ங்கறத ரோலர் கோஸ்டரும் முடிவு பண்றதில்ல, குட்டி ரயிலும் முடிவு பண்றதில்ல. பெஞ்சுல எல்லார் பையையும் மடியில வச்சுக்கிட்டு ஒரு ஆளு உக்காந்திருக்கும் பாருங்க, அதுதான் முடிவு பண்ணுது. மொதல்ல அந்த ஆளுக்கு ஒரு ஆட்டம் வைங்க," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் தீயணைப்புக் கருவி எங்கே என்று கேட்டாலும் சிரிப்பார்கள். மேனேஜர் மட்டும் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். மறுவாரம் பெஞ்சுகளுக்கெல்லாம் புதுசாகப் பெயிண்ட் அடித்தார். கூடவே இன்னொன்றும் செய்தார்: கப்பல் மதியம்வரை பாதி உயரம்தான் ஆடும், குடும்பங்களுக்காக, மதியத்துக்குப் பிறகு முழு உயரம், துணிந்தவர்களுக்காக. வாசலில் ஒரு பலகை, ஒரு பக்கம் வாத்து, மறுபக்கம் மின்னல். சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு நான்தான் அதைத் திருப்பி மாட்ட வேண்டும்.

ஊழியர் குடும்பங்களுக்கு இலவச அனுமதி என்றொரு நாள் வந்தது. நான் சம்பந்தி வீட்டைக் கூப்பிட்டேன். இலவசம் என்பதால் வந்தார்கள்.

காலையில் வாத்து ஆடிக்கொண்டிருந்தபோது சம்பந்தி கப்பலைச் சுற்றி ஒரு நடை நடந்து தணிக்கை செய்தார். "இதானா சம்பந்தி? தொட்டிலு! தொட்டில ஆட்ட ஒரு ஆளு, அந்த ஆளுக்கு ஒரு தொப்பி!" என்று என் தொப்பியைச் சுண்டினார். மாப்பிள்ளை டாஷிங் கார் பக்கம் போனவர் போனவர்தான். சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் மற்றதையெல்லாம் சுற்றினார்கள். அணில் என் கூண்டுக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மாமியாரின் கைப்பை, மாமனாரின் கண்ணாடிக்கூடு, ஒரு குடை, தண்ணீர்ப் பாட்டில்கள், காலடியில் அவர்கள் இருவருடையதும் தன்னுடையதுமாக மூன்று ஜோடிச் செருப்பு. "நீ பாத்துக்கம்மா. நீதான் சின்ன வயசுலயே எல்லாத்தையும் ஆடித் தீத்துட்டியே," என்று சம்பந்தி சொன்னது எனக்குக் கேட்டது. அவள் சரி மாமா என்றதும் கேட்டது. அன்று காலை முழுக்க, ஒவ்வொரு முறை பட்டனை அழுத்தும்போதும் அவளைப் பார்த்தேன். ஒரு முறைகூட அவள் தலைநிமிர்ந்து கப்பலைப் பார்க்கவில்லை. குனிந்து போனில் ஏதோ தட்டிக்கொண்டேயிருந்தாள். சாப்பிட்ட பிறகு சற்று உட்கார்ந்து இளைப்பாறிய சம்பந்தி, "தொட்டில்லயும் ஒரு தடவ ஆடிருவோம்," என்று எழுந்தார். பலகையை நான் அதற்கு முன்பே திருப்பியிருந்தேன். மின்னல் அவர் தலைக்கு மேலேயே தொங்கியது. அடுத்தவர் மேசையில் தூசி பார்ப்பவர்கள் தலைக்கு மேலே பார்ப்பதில்லை.

பட்டனை அழுத்தினேன். கப்பலின் அடிவயிற்றில் டயர் உருண்டு தள்ளியது. முதல் இரண்டு ஆட்டம் தொட்டில்தான். சம்பந்தி எனக்கு டாட்டா காட்டினார். மூன்றாவதில் டாட்டா பாதியில் நின்றது. நாலாவதில் இரண்டு கையும் கம்பியைப் பிடித்தன. இது மெக்கானிக்கல் லைனுக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கப்பல் போய் மேலே நின்று விழுந்தது. இது பொழுதுபோக்குத் துறைக்கு. இது மேசையில் ஓடிய விரலுக்கு. இது தொப்பிக்கு. இப்படி ஒவ்வொன்றாய்ச் சொல்லச் சொல்ல உடம்பில் ஒரு குளிர்ச்சி பரவியது. சும்மா சொல்லக்கூடாது, பழிவாங்குவது அவ்வளவு நன்றாக இருந்தது. அப்புறம்தான் சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். கொண்டை அவிழ்ந்து முகத்தில் அடிக்க, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். பயத்தில் வரும் சிரிப்பில்லை அது. காலையில் அவர் என்னிடம், "கல்யாணம் ஆனதுலேருந்து எங்க போனாலும் நாந்தாண்ணா பை பாத்துக்குவேன். இன்னிக்குத்தான் கைய வீசிக்கிட்டு நடக்குறேன்," என்று வெட்கத்தோடு சொன்னது ஞாபகம் வந்தது.

மஞ்சள் விளக்கு எரிந்தது. நான் விடவில்லை. இது 'எறங்கித்தான் ஆகணும்' என்பதற்கு. ஏறுங்க சம்பந்தி, ஏறுங்க. அவர் முகம் மேலே வந்து நின்றது. கண்ணை இறுக மூடி, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சத்தம் கேட்கவில்லை, ஆனால் என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். இந்த வேலையில் உதட்டைப் படிக்கப் பழகிவிடும். அம்மா அம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் பயிற்சி அன்று அதையேதான் சொன்னேன். பாழாய்ப்போன மனசு, நல்ல நேரத்தில் கழுத்தை அறுக்கும். பட்டன்மேல் இருந்த விரல் தளர்ந்தது.

"அப்பா."

அணில் கூண்டு வாசலில் நின்றாள், பைகளையெல்லாம் மாலை மாதிரி தோளில் மாட்டிக்கொண்டு. அவள் பார்வை மஞ்சள் விளக்கில் இருந்தது. அதன் அர்த்தம் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நீ பழிவாங்கிட்டு ஹாயா இங்க ஒக்காந்திருப்ப. அந்த வீட்டுக்குத் திரும்பிப் போறது நான்தானேப்பா."

விரலை எடுக்கப் போனேன். அவள் தன் விரலை என் விரல்மேல் வைத்து அழுத்தினாள்.

"நிறுத்தச் சொன்னேனா?"

கப்பல் இன்னொரு முறை மேலே போனது. அவள் அதைப் பார்த்தபடியே, "காலைல பெஞ்சுல ஒக்காந்து கம்பெனிக்கு எழுதிட்டேன்ப்பா, வரேன்னு. அவருகிட்டயும் சொல்லல. மாமாகிட்டயும் சொல்லல. ராத்திரி சொல்லணும்," என்றாள். அவள் விரல் என் விரலை இன்னும் இறுக்கி அழுத்தியது. டவர் உச்சியில் கம்பியைப் பிடித்துப் பழகிய விரல். "உனக்குத்தான் மொதல்ல சொல்றேன். சிரிக்காத."

"சிரிக்கல," என்றேன்.

விளக்கு சிவப்புக்கு மாறும் முன் இருவரும் சேர்ந்து விரலை எடுத்தோம்.

கப்பல் நின்றதும் சம்பந்தி இறங்கினார், இறங்கினார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். படியில் பாதியை உட்கார்ந்தும் மீதியைக் கைப்பிடியைப் பிடித்தும் கடந்து, பெஞ்சுவரை எப்படியோ வந்து விழுந்தார். எனக்கு இரக்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, இரண்டில் எதை முகத்தில் காட்டுவது என்று தெரியாமல் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டேன். அணில் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். ஒரு வாய் குடிக்கும்வரை காத்திருந்தாள். அப்புறம் தோளிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, கைப்பையை அவர் மடியில் வைத்தாள். அதன்மேல் குடை. அதன்மேல் தன்னுடைய பை.

"மாமா, இதக் கொஞ்சம் பாத்துக்கோங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். சொல்வதற்கு நிறைய இருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் சொற்கள் மட்டும் வராது என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். பைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கடைசி வரிசையில் சம்பந்தியம்மா இறங்காமலேயே உட்கார்ந்திருந்தார். "அண்ணா, நான் இப்பிடியே இன்னொரு தடவ இருந்துக்கலாமா?" என்று அங்கிருந்தே கத்தினார். அணில் தன் செருப்பைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு இரண்டிரண்டு படியாக ஏறிப்போய், பெஞ்சைத் திரும்பிப் பார்க்காமல் மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் போய்க் கம்பியை இறக்கினேன். டக்.

"மாமா திட்டுவாரோ?" என்று மாமியார் அவள் காதில் கேட்டார்.

"ராத்திரி திட்டுவாரு அத்தை. ரெண்டு பேரையும் சேத்தே திட்டட்டும்."

பட்டனை அழுத்தினேன். கப்பல் ஆடிப் பழகி மெல்ல மெல்ல உயரம் பிடித்தது. பெஞ்சில் சம்பந்தி கொஞ்சம் தேறி, மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரம் பார்த்தார். பிறகு யாரையோ கூப்பிடுவதுபோல வாயைத் திறந்தார். அவர் உதடு சொன்னதையும் படித்தேன்: கெளம்பலாம். அவருக்குத் துணையாகப் பைகளும் குடையும் பாட்டிலும் மூன்று ஜோடிச் செருப்பும்தான் இருந்தன.

மஞ்சள் விளக்கு எரிந்தது. மேலே பார்த்தேன். கப்பல் உச்சிக்குப் போய் ஒரு கணம் அப்படியே நின்றது. அணில் ஒரு விரலைக் காட்டவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கியிருந்தாள், பக்கத்தில் சம்பந்தியம்மாவும். வெயிலில் விரிந்த அத்தனை விரல்களையும் எண்ணுவதா, விடுவதா என்று தெரியாமல் நான் பட்டனை அழுத்திக்கொண்டேயிருந்தேன்.