தோட்டுத் திருகு

சிராங்கூன் ரோட்டில் அந்தக் காலத்தில் மாட்டுவண்டிக்குத்தான் மரியாதை. வண்டிகளும் ரிக்‌ஷாக்களும் நடுரோட்டில் போக, எங்கள் பிரெஞ்சுக் கார் ஓரமாக இருமிக்கொண்டே போகும். 1912-ஆம் வருஷம். காருக்கு அப்போதே எட்டு வயது. வெள்ளைக்காரர் ஒருவர் சலித்துப்போய் விற்றதை என் முதலாளி அப்துல் கஃபார் ராவுத்தர் வாங்கி வாடகைக்கு விட்டிருந்தார். ஓட்டியவன் நான், துரைசாமி. அதற்கு முன் குதிரை லாயத்தில் லத்தி அள்ளியவன். காரின் பித்தளை விளக்கைத் துடைத்துவிட்டு அதில் என் முகத்தைப் பார்ப்பேன். அவ்வளவு அழகாக என்னை வேறு எந்தக் கண்ணாடியும் காட்டியதில்லை.

ஒருநாள் சுவா சூ காங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவரை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, செம்மண் பாதையின் குலுக்கலில் ஒரு திருகு கழன்று விழுந்துவிட்டது. பெட்ரோலும் காற்றும் கலக்கிற பித்தளைக் கிண்ணத்தில் இருக்கும் திருகு. சுண்டுவிரல் நகத்தளவுதான். அது போனதும் பெட்ரோல் ஒழுகியது, கார் நின்றது. இரண்டு மாடுகளைப் பூட்டி இழுத்துவந்தோம். வழிநெடுக ஜனங்கள் சிரித்தார்கள். சிரித்த முகங்கள் ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒருவரையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மூன்று நாள் அலைந்தேன். இரும்புச் சாமான் கடைகளில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ் திருகுகள். பிரெஞ்சுக்காரன் போட்ட ஓட்டைக்குள் அவை ஒரு சுற்று போய் மக்கர் செய்தன. சீனக் கொல்லர் சிரித்துவிட்டு, வண்டி அச்சு வேண்டுமானால் அடித்துத் தருகிறேன் என்றார். வெள்ளைக்காரப் பட்டறையில், பாரிசுக்கு எழுதினால் மூன்று மாதத்தில் வரும் என்றார்கள்.

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன், துரைசாமி. ஓடலேன்னா பழைய இரும்புக்குப் போட்டுடுவேன். நீ லாயத்துக்கே போயிடு."

வீட்டுக்கு வந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், குலுங்கிக் குலுங்கி அழுதேன். என் மனைவி ரத்தினம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இத்தனூண்டு திருகுன்னா அண்ணன்தான் செய்யும்."

உண்மைதான். அவள் அண்ணன் தங்கராஜு டன்லப் ஸ்ட்ரீட்டில் நகைக்கடை வைத்திருந்த பத்தர். தோட்டுக்கும் மூக்குத்திக்கும் திருகாணி செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நாலு வருஷத்துக்கு முன் ரத்தினம், லாயத்தில் வேலை பார்த்த என்னை, அதுவும் வேறு சாதிக்காரனை, பிடிவாதமாகக் கட்டிக்கொண்டபோது, "இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டுப் போனவர் அவர். இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு நாலு வருஷம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினார். ரத்தினம் அவர் பேச்சை எடுத்ததே இல்லை. பண்டிகை நாளில் மட்டும் வாசலில் கொஞ்ச நேரம் அதிகமாக நிற்பாள்.

கிண்ணத்தைக் கழற்றினால் விரிசல் விட்டுவிடும் என்று பயந்து, ஓட்டைக்குள் மெழுகை அழுத்தி எடுத்து, ஈர இலையில் சுற்றிக்கொண்டு போனேன். மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவரிடம், "கடைக்கு வந்தவங்க என்ன வேலைன்னு சொல்லச் சொல்லுங்க" என்றார். நானும் கிழவரிடமே சொன்னேன். கிழவர் பாவம், இரண்டு பக்கமும் தலையாட்டிக் கழுத்து சுளுக்கியிருக்கும்.

மறுநாள் திருகு தயார். பித்தளைக் கம்பிமேல் மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றிப் பற்றவைத்து, நகைபோல மெருகு கொடுத்திருந்தார். ஓடிப்போய்ப் போட்டுப் பார்த்தேன். அரைச் சுற்றுகூட ஏறவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. வீட்டுக்கு வந்து ரத்தினத்தின் முன் அதை வீசினேன்.

"உங்கண்ணன் பழி வாங்கிட்டாரு! வேணும்னே செஞ்சிருக்காரு!"

அவள் திருகை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தாள். தன் காதில் இருந்ததைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். "இது தோட்டுத் திருகுங்க. இடப்பக்கம் திருப்பினாத்தான் ஏறும். எங்க வீட்டுல எல்லாம் அப்படித்தான் செய்வாங்க. அண்ணன் வேணும்னு செய்யல. அது கை அப்படித்தான் போகும்."

மெழுகு வெயிலில் நெளிந்திருந்தது. பருமன் தெரிந்ததே தவிர, புரி எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியவில்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வியாழக்கிழமை மறுபடி போய் நின்றேன். மச்சான் திருகை வாங்கிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. இந்தத் தடவை கிழவரைத் தேடவில்லை.

"இருபத்தஞ்சு வருஷத் தொழில். இப்படி ஒரு தப்பு செஞ்சதில்ல. வண்டி எங்க இருக்கு?"

"முதலாளி கடைக்குப் பின்னால, மச்சான்."

"அது உங்க வாசல் இல்லல்ல?"

"இல்ல."

வெள்ளிக்கிழமை காலையில் கரி அடுப்பும் ஊதுகுழலுமாக வந்தார். பெட்ரோல் வாடைக்குப் பயந்து அடுப்பைப் பத்தடி தள்ளி வைத்தோம். வலப்பக்கம் சுற்ற அவர் கை மறுத்தது. இரண்டைக் கெடுத்தார். தன் விரலையே திட்டினார், கேட்கக் கூசும் வார்த்தைகளில். மூன்றாவது, வெண்ணெயில் போவதுபோல் உள்ளே போனது. நான் கைப்பிடியைச் சுற்றினேன். இருமியது, தும்மியது, ஓடியது. என் கண் நிறைந்துவிட்டது. முதலாளி, "டேய், பத்தரைக் கடையில கொண்டுபோய் விட்டுட்டு வாடா" என்று சிரித்தார்.

அந்தக் கார் எங்கே துருப்பிடித்துக் கிடக்கிறதோ, மச்சானும் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. ஆனால் அன்று முன்சீட்டில், அணைத்து ஆறவைத்த அடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, தலைப்பாகை பறந்துவிடாமல் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த கோலத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

டன்லப் ஸ்ட்ரீட் திருப்பத்தில் நான் திரும்பவில்லை. கம்போங் காப்பூருக்குள் போய் என் வீட்டு முன்னால் நிறுத்தினேன். இஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி கிளம்புமோ என்னவோ.

"வாசலை மிதிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்" என்றார், நேராகப் பார்த்துக்கொண்டு.

"நீங்க எதையும் மிதிக்கல மச்சான். வண்டிதானே நிக்குது. உக்காந்தே இருங்க."

சத்தம் கேட்டு ரத்தினம் சொம்பில் தண்ணீரோடு வந்தாள். அண்ணனைப் பார்த்ததும் கொடுக்க மறந்து அப்படியே நின்றாள். அவள் சேலையைப் பிடித்தபடி எங்கள் மூன்று வயது மகள். மச்சான் தங்கையைப் பார்க்கவில்லை. பிள்ளையைத்தான் பார்த்தார்.

"பேரு என்ன?"

"அன்னம்மா" என்றது பிள்ளை.

செத்துப்போன அவருடைய தாயாரின் பெயர் அது. மடியிலிருந்த அடுப்பை எடுத்து சீட்டில் வைத்தார்.

"இஞ்சினை நிறுத்து, துரைசாமி" என்றார். என் பெயரை அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். "சாப்பிட்டுட்டுத்தான் போவேன்."

நான் நிறுத்தினேன். மறுபடி கிளம்புமா என்று யோசிக்கவே இல்லை.